ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வரும் இரைச்சல்

மேலே எறிந்த புளியங்கொட்டையைச் செல்வராணி பார்ப்பதில்லை. அது திரும்பி விழும் வழியைத்தான் பார்ப்பாள். கொட்டை தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளையைத் தாண்டி ஏறி, ஒரு கணம் தயங்கிக் கீழே இறங்கத் தொடங்கியதும், அதன் பின்னால் பத்து இருபது கரும்புள்ளிகள் வால் போலச் சேர்ந்துகொண்டு சரியும். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது விஷயம் தெரிந்துவிடும். எல்லாம் சட்டென்று பிரிந்து மேலே போய்விடும். “போச்சு, ராங் நம்பர்” என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுப்பாள்.

டாலிகஞ்சில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால், பாதி மூடிக் கிடக்கும் ஒரு சினிமா ஸ்டுடியோவின் மதிலை ஒட்டி ஒரு சந்து போகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எந்தச் சாயங்காலம் அங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, உள் மணிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கட்டிய கடிகாரம், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவில் கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை. லேக் மார்க்கெட்டில் கொட்டை எடுக்காத புளியாகக் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் அவள்தான். சந்தில் அவளுக்கு ‘தேந்துல் தீதி’ என்று பெயர். தேந்துல் என்றால் புளி, தீதி என்றால் அக்கா. தெற்கத்திக்காரர்களைக் கேலி செய்ய அந்த ஊரில் வெகு நாளாகப் புழங்குகிற சொல்தான். அது அவளுக்கும் தெரியும். “புளியங்கொட்டைய வானத்துல எறியுத பொம்பளைய வேற என்னன்னு கூப்பிடுவான்? சரியாத்தான் வச்சிருக்கான்” என்பாள்.

சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். கணவர் சுரேஷ்குமாருக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. கல்யாணமான கையோடு 1979இல் கொல்கத்தாவுக்கு வந்தவர்கள். வந்த இரண்டாம் வருடம் அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடும் டிரங்க் கால் மேசையில் வேலை கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு லைனைத் தொட்டால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பாட்னா லைனில் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரு பொடிச் சத்தம், கட்டாக் லைனில் யாரோ தூங்கி மூச்சு விடுகிற மாதிரி. மதராஸ் லைனில் ஒன்றுமே இருக்காது. “ஒண்ணுமே கேக்கலேன்னா அது மதராஸ்” என்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் அரட்டையை நீட்டினால், “மூணு நிமிசம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?” என்று சிரிக்காமல் கேட்பாள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

தேனீ விவகாரம் தொடங்கியது ஒரு புகாரில்.

1996 மார்ச்சில் ஒரு நாள் டியூட்டி முடிந்து சந்து வழியாக வரும்போது தலைக்கு மேல் ஓர் இரைச்சல். தாழ்ந்த சுதி, விட்டு விடாமல் ஒரே சீர். டிரான்ஸ்பார்மரில் லோடு கூடினால் இப்படித்தான் இரையும் என்று நினைத்து, மறுநாளே மின்சார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். லைன்மேன் காலை பதினொரு மணிக்கு வந்தார், கம்பத்தில் ஏறினார், காதை வைத்துக் கேட்டார், இறங்கினார். “கிச்சு நேய், தீதி.” ஒன்றுமில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் மறுபடி இரைச்சல். மறுபடி புகார், மறுபடி பதினொரு மணிக்கு லைன்மேன். மூன்றாவது தடவை அவர் கும்பிட்டேவிட்டார்.

அதன் பிறகுதான் அவள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாள் ஐந்து ஐம்பது. மறுநாள் ஐந்து ஐம்பத்தொன்று. அதற்கு மறுநாள் ஐந்து ஐம்பத்திரண்டு. ஆறு பத்துக்கு யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். “கரண்டுக்கு டூட்டி டைம் கிடையாது. இது எதுவோ ஷிப்டு பாக்க வருது” என்று வீட்டில் சொன்னாள். சுரேஷ்குமார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அதுக்காவது பி.எப். பிடிக்காவளா கேளு” என்றார்.

அதே வாரம் ஸ்டுடியோ கேட்டுக்கு வெளியே ஒரு சண்டை. ஒலிப்பதிவாளர் பிமல் பாபு, கழுத்தில் ஹெட்போன் தொங்க, டீக்கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே அழுகைக் காட்சி. கதாநாயகி மூன்று தடவை அழுதுவிட்டாள். மூன்று தடவையும் டேப்பில் பின்னணியில் ஓர் இரைச்சல். உன் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் காரணம், அணை என்கிறார் பிமல் பாபு. ஸ்டவ்வை அணைத்தே ஒரு மணி நேரம் ஆகிறது, கரி அடுப்பில்தான் பால் காய்கிறது என்கிறார் கடைக்காரர். செல்வராணி நடுவில் புகுந்து, பதினேழு வருடப் பழக்கத்தில் வந்த வங்காளியில், “உங்க டேப்புல அது எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?” என்று கேட்டாள்.

பிமல் பாபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டேப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்துமூன்று.

நீண்ட கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி உதவியாளர் ஒருவர் அதை மரத்தை நோக்கித் தூக்க, பிமல் பாபு தன் ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். பதினைந்து வருடமாகத் தலையில் ஹெட்போன் மாட்டிப் பிழைக்கிறவளுக்கே அந்தச் சத்தம் புதிது. ஓர் இரைச்சல் இல்லை, நூற்றுக்கணக்கான இரைச்சல். எல்லாம் ஒரே சுதி, ஆனால் ஒவ்வொன்றும் மயிரிழை விலகி. கிளைகளுக்கு நடுவே வானம் தெரிகிற ஓர் இடைவெளியில் அவை வட்டமிட்டுக்கொண்டிருந்தன. அங்கே ஏதோ இருப்பதை அப்போதுதான் இருவரும் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்.

மறுநாள் மரத்தடியில் ஒன்று செத்துக் கிடந்தது. தேனீதான். ஆனால் தலை முழுக்கக் கண். இரண்டு கண்ணும் உச்சியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் கொடுக்கு இல்லை. அதை டிராம் டிக்கெட்டில் மடித்து எடுத்துக்கொண்டு, வார விடுப்பில் பாலிகஞ்சுக்குப் போனாள். அங்கே ஒரு கல்லூரியில் தேனீ பற்றி ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மாள் இருப்பதாகப் பிமல் பாபு விசாரித்துச் சொல்லியிருந்தார்.

தாரா சென்குப்தாவுக்கு அப்போது நாற்பது வயது. டிக்கெட்டை விரித்து லென்ஸில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பியூன் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது.

“இது மலைத்தேனீ. ஆண். எந்தக் காட்டில் எடுத்தீர்கள்?”

“காடு இல்ல மேடம், டாலிகஞ்ச்.”

“கூட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்ததா?”

“பக்கத்துல கூடே கிடையாது. சாயங்காலம் வருது, பதினெட்டு நிமிசம் நிக்குது, போயிருது.”

தாரா லென்ஸைக் கீழே வைத்தார். இரண்டு வருடமாக அவர் வடக்கே பக்ஸா காட்டில் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆண் தேனீக்கள் தேன் எடுப்பதில்லை, கூடு கட்டுவதில்லை, கொட்டத் தெரியாது. அவற்றுக்கு ஒரே வேலைதான். பல கூடுகளிலிருந்தும் கிளம்பி வந்து, குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், அந்தரத்தில் கூடி நிற்க வேண்டும். கன்னி ராணி அந்த வழியாகப் பறந்து வருவாள். துரத்துவார்கள். எட்டிப் பிடித்தவன் அந்தரத்திலேயே அவளோடு சேர்ந்து, அந்த நிமிடமே செத்து விழுவான். அடுத்தவன், அதற்கடுத்தவன். ராணி கூட்டுக்குத் திரும்பிப் போய் ஆயுள் முழுக்க முட்டையிடுவாள். காட்டில் உயர்ந்த மரங்களின் கிளைக்கடியில் கூடுவார்கள் என்று தெரியும். எந்த மரம் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.

செல்வராணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். “போன வருசம் வந்தவன் ஒருத்தனும் இந்த வருசம் உயிரோட இருக்க மாட்டான்லா மேடம்?”

“மாட்டான். சில வாரங்கள்தான் ஆயுள்.”

“அப்போ இந்த வருசம் பொறந்த பயலுக்கு அட்ரஸ் குடுத்தது யாரு?”

தாரா சிரித்தார். “தெரியாது. யாருக்குமே இன்னும் சரியாகத் தெரியாது.”

பரிசு விழுந்த மாதிரி அன்று வீட்டுக்கு வந்தாள். “டாக்டர் பட்டம் வாங்குனவுகளுக்கே தெரியாதாம்!” என்று அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த மகள் மஹிமாவிடம் சொன்னாள், கணவரிடம் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொன்னாள். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் அதே கேள்விதான். எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர், மணத்தை வைத்துத்தான் வரும் என்றார். பிமல் பாபு, தம்புரா பாடகனுக்குச் சுதி கொடுக்கிற மாதிரி இடம் சுதி கொடுக்கிறது என்று ஏதோ கவிதையாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் மரத்தடியில் போய் அது சரியா என்று பார்த்தாள்.

தாராவும் வந்தார். ஏரிக்கரையில் வாங்கிய சிவப்புக் கேஸ் பலூனில் நூலைக் கட்டி, நூலில் ஒரு பஞ்சைக் கட்டி, பஞ்சில் ராணியின் மணத்தைப் போலச் செய்த மருந்தை இரண்டு சொட்டு விட்டு மேலே ஏற்றினார்கள். ஆண்கள் பஞ்சை மொய்த்து அது கறுத்துப் போயிற்று. புளியங்கொட்டை வித்தையைக் கற்றுக்கொடுத்ததும் தாராதான். பறக்கிற எதையும் ராணி என்று நினைத்து ஒரு கணம் துரத்துவார்கள். அவர் கூழாங்கல் எறிவார். கூழாங்கல் தலையில் விழுந்தால் வலிக்கும் என்று செல்வராணி அதைக் கொட்டையாக மாற்றிக்கொண்டாள்.

1998 ஏப்ரலில், கோடையில் அடிக்கிற கால்பைசாகிப் புயல் ஒன்று மரத்தின் மேற்குக் கிளை ஒன்றை முறித்துப் போட்டது. மறுநாள் ஐந்து ஐம்பத்தாறுக்குக் கூட்டம் வந்தது. ஆனால் வழக்கமான இடத்தில் இல்லை. ஏழு அடி தள்ளி, கிளை போனதால் திறந்த புது இடைவெளியில். செல்வராணி சந்தில் செங்கல் துண்டால் கோடு போட்டு அளந்தாள். “அவன் மரத்துக்கு வரல மேடம். மரத்துல இருக்க ஓட்டைக்கு வாறான்” என்று ஒரு ரூபாய் பூத்திலிருந்து தாராவுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் தாரா அதை எழுதிக்கொண்டிருந்தார். “லைன்ல இருக்கியளா?” என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

அந்த வருடமெல்லாம் ஊரில் தெருவுக்குத் தெரு, வெளியூருக்கு நேரே டயல் செய்கிற எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. டிரங்க் மேசைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவளை நம்பர் விசாரணைப் பிரிவில் போட்டார்கள். அங்கே லைனுக்கு ஊரும் கிடையாது, சத்தமும் கிடையாது. அவள் அதைப் பற்றி அதிகம் புலம்பியதில்லை. சாயங்காலம் சீக்கிரம் விடுகிறார்கள் என்றுதான் சொன்னாள்.

2000 மார்ச்சில் பத்து நாள் விடுப்புப் போட்டுத் தாராவோடு பக்ஸாவுக்குப் போனாள். பிறந்ததிலிருந்து கடல் பார்த்தவள், பிறகு கட்டடம் பார்த்தவள். காட்டைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. முதல் நாளே அவளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மதியம் ஒரு மணிக்குக் கொம்புத்தேனீயின் ஆண்கள் பறந்தன. அவை அடங்கி வெகு நேரம் கழித்து, மூன்றரைக்குப் பொந்துத்தேனீயின் ஆண்கள். அவையும் போன பிறகு அந்தியில் மலைத்தேனீ. மூன்று சாதிக்கும் ராணியின் மணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் நேரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன என்றார் தாரா. செல்வராணிக்கு அது உடனே விளங்கியது. “லைன் ஒண்ணு, பார்ட்டி மூணு. ஒருத்தன் வச்சாத்தான் அடுத்தவனுக்குக் குடுக்க முடியும்.”

ஆனால் மலைத்தேனீ கூடுகிற இடம் அகப்படவில்லை. அந்தி இறங்கியதும் காடு முழுக்கச் சிள்வண்டு அலறத் தொடங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தாராவும் மாணவர்களும் கண்ணால்தான் தேடினார்கள், இருட்டிக்கொண்டு வருகிற கிளைகளில் பூச்சியைக் கண்ணால். ஐந்தாம் நாள் சாயங்காலம் செல்வராணி எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொன்னாள். “யாரும் பேசாதீங்க. ஹோல்ட் பண்ணுங்க.” செருப்பைக் கழற்றினாள். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். சிள்வண்டு சத்தம் மேலே கிடந்தது. அதற்கு வெகு கீழே, கிராஸ் டாக்கில் வேறு யாரோ பேசுவது கேட்கிற மாதிரி, அந்தத் தாழ்ந்த சுதி. இருநூறு தப்படி நடந்தாள். சுற்றியுள்ள மரங்களுக்கெல்லாம் மேலே தலை நீட்டிய ஒரு மரத்தடியில் நின்று, “கால் கிடைச்சிருச்சு” என்றாள்.

தாரா ஒரு கூழாங்கல்லை எறிந்தார். கல்லின் பின்னால் வால் முளைத்தது. ஆறு வருடம் தேடிய அந்த அம்மாள் சருகின் மேல் அப்படியே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அல்லது அழுதார். இருட்டில் தெரியவில்லை என்று செல்வராணி சொல்வாள். அந்தக் கட்டுரை அச்சானபோது கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் அவள் பெயரும் இருந்தது. பதவியை என்னவென்று போடட்டும் என்று கேட்டபோது ‘டெலிபோன் ஆபரேட்டர், டிரங்க்ஸ்’ என்றே போடச் சொன்னாள். அப்போது அப்படி ஒரு மேசையே இல்லை.

இத்தனையிலும் சுரேஷ்குமார் ஒரு நாள்கூட மரத்தடிக்கு வந்ததில்லை. சின்ன வயதில் பனைமரத்தில் கூடு கலைந்து பதினாறு கொட்டு வாங்கியவர். ஆணுக்குக் கொடுக்கு கிடையாது என்று அவள் வரைபடம் போட்டுக் காட்டியும் பலன் இல்லை. “அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல ஒரு பொட்ட கெடந்தா அதுக்குத் தெரியுமா?” என்பார். வீட்டில் அவருக்கு வேறு ஒரு குறையும் இருந்தது. இப்போதெல்லாம் எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவள் திரும்புகிறாள். பஸ்ஸில், கரியாஹாட் கடைத்தெரு இரைச்சலில் சொன்னால் மட்டும் முதல் தடவையிலேயே பதில் வருகிறது. வெளியே வந்தால்தான் தன்னை மதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

2004 ஜனவரியில், குடியிருப்புக்கு எதிரே புதிதாக வந்த அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியில் தொங்கிய நான்கு கூடுகளையும் ஆள் வைத்துக் கொளுத்தினார்கள். மார்ச் பிறந்தது. செல்வராணி டப்பாவோடு சந்தில் போய் நின்றாள். ஐந்து ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஆறு. ஒன்றுமில்லை. தூங்குமூஞ்சி மரம் பாட்டுக்கு இலையை மடக்கிக்கொண்டது. மறுநாளும் இல்லை. ஒரு வாரம். கொட்டை எறியவே மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து, அடுக்குமாடிச் செயலாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனசுக்குள் வங்காளியில் எழுதி எழுதி அழித்தாள். “எட்டு வருசம். ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. ஒரே தீக்குச்சில முடிச்சிட்டான்” என்று சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

எட்டாம் நாள் சுரேஷ்குமார், “நானும் வாரேன்” என்றார்.

தேனீதான் இல்லையே என்ற தைரியம். இருந்தாலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், தலையில் குளிர்காலக் குரங்குக் குல்லாய். மார்ச் மாத வெக்கையில் முகம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணனுக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். சந்தின் நடுவில் வந்ததும் அவர் நின்றார்.

“ஏ, ஓடு.”

“என்ன?”

“என்னன்னா கேக்க? இந்த இரை இரையுதே. ஒண்ணும் வரலேன்னு சொன்ன?”

செல்வராணி அவரைப் பார்த்தாள். கம்பளிக் குல்லாய் இரண்டு காதையும் மூடியிருந்தது. மேலே பார்த்தாள். கிளைகளுக்கு இடையில் வானம் சாம்பல் நிறமாக, சத்தமில்லாமல் கிடந்தது.

டப்பாவைத் திறந்து ஒரு கொட்டையை எறிந்தாள். அது ஏறியது, நின்றது, இறங்கியது. அதன் பின்னால் இருபது முப்பது புள்ளிகள் வாலாகச் சரிந்தன. முகத்துக்கு நேரே, கை எட்டும் உயரத்தில் பிரிந்து மேலே போயின. ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று எறிந்தாள். இன்னொன்று. டப்பா காலியாகும்வரை எறிந்தாள். சுரேஷ்குமார் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் ஓடுவதை மறந்துவிட்டார்.

“அவன் வந்துட்டுத்தான் இருக்கான்” என்றாள். “நான்தான் எங்கேஜ்.”

பாலிகஞ்சில் காது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “கூச்சலில் நன்றாகக் கேட்கிறதா?” என்பதுதான். சுரேஷ்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். காதுக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு இருக்கிறது, அது இறுகிப்போய் அசைய மறுக்கிறது என்றார் டாக்டர். இந்த வகையில் தாழ்ந்த சத்தம்தான் முதலில் போகுமாம். இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் தாங்களே உரக்கப் பேசுவதால் குறை தெரியாதாம். ஹெட்போனால் வந்ததா என்று கேட்டாள். இல்லை, இது பரம்பரையாக வருவது. ஆபரேஷன் செய்யலாம், பெரும்பாலும் சரியாகும், ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொன்னார். அடுத்த வாரமே நாள் தருவதாகவும் சொன்னார்.

“மே மாசம் வச்சுக்கலாமா டாக்டர்? இப்போ சீசன்.”

“என்ன சீசன்?”

சுரேஷ்குமார் தரையைப் பார்த்தார். அவள் விளக்கத் தொடங்கினாள். வெளியே ஆறு நோயாளிகள் காத்திருந்தார்கள். கடைசியில் டாக்டரும், “அப்படியானால் இடத்தைச் சொல்லிக்கொடுப்பது யார்?” என்று கேட்டார் என்பது அவளுக்கு ஒரு பெருமை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் அவள் சந்துப் பக்கமே போகவில்லை. டப்பாவை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். நான்காம் நாள் ஐந்தரைக்குச் சுரேஷ்குமார் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“கெளம்பு.”

“எதுக்கு? படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. ஊமைப் படம் பாக்க நான் எதுக்கு அங்கன?”

“நான் கேட்டுச் சொல்லுதேன்.”

அன்றைக்குக் குல்லாய் போடவில்லை. ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு அவர் கையைத் தூக்கினார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். இருவரும் மரத்துக்கு நேர் கீழே நின்றார்கள். அவர் தோள்பட்டை காதுவரை ஏறியிருந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“வண்டு மாதிரி இருக்கு.”

“எந்த வண்டு?”

“மோட்டார் மாதிரின்னு வச்சுக்கயேன். தூரத்துல ஓடுத மோட்டார்.”

“மாதிரி எல்லாம் வேண்டாங்க. சுதி என்னன்னு சொல்லுங்க.”

சுரேஷ்குமாருக்குப் பாட்டு வராது. கோயில் பஜனையில்கூட வாயை மட்டும் அசைக்கிறவர். டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிமல் பாபு ஸ்டுடியோ கேட்டில் நின்றார். சுரேஷ்குமார் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உதட்டை மூடிக்கொண்டு, “ம்ம்ம்ம்” என்று இழுக்கத் தொடங்கினார்.

செல்வராணி அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, தொண்டைக் குழியில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினாள்.

“இன்னுங் கொஞ்சம் கீழ” என்றாள்.